மனநல வார்டு போஸ்டிங்: மாணவிகளை முதன்முறை அழைத்துப் போகும் ட்யூட்டருக்கு, ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து

மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டுகளில் பல வருடம் மாணவிகளை மேற்பார்த்தவர்கள்கூட மனநல வார்டில் முதல் வாரம் திணறிப்போவார்கள். அங்கே கட்டுப் போட, கதீட்டர் மாற்ற வேலை இல்லை. செய்ய வேண்டிய வேலையே பேசுவதுதான். பேச்சை எப்படி மேற்பார்ப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் மாணவிகள் நர்சஸ் ஸ்டேஷனில் கூடி நின்று கேஸ் ஷீட்டைப் பார்த்துக் காப்பி எழுதுவார்கள், நாள் ஓடிவிடும். அது நடக்காமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) போடும் பி.எஸ்சி. நர்சிங் ட்யூட்டர்களை மனதில் வைத்து எழுதியது. டிப்ளமோ மாணவிகளுக்கும் மணிக்கணக்கைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

1. இரண்டு மாதம் முன்பே கடிதம்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் உங்கள் கல்லூரி முதல்வர் கையெழுத்துடன் டீனுக்குக் கடிதம் போக வேண்டும். நகல்கள் மனநலத் துறைத் தலைவருக்கும் நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கும். தாலுகா மருத்துவமனைக்கு இணை இயக்குநர் அலுவலகம். மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம்களுக்கு அழைத்துப் போவதாக இருந்தால் அந்தத் திட்டத்தின் மனநல மருத்துவரிடம் தனியாக அனுமதி. டீன் கடிதத்தைக் காட்டி முகாமுக்குள் நுழைய முடியாது. பலர் இடறும் இடம் இதுதான்.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவை: மாணவிகளின் பெயர்ப் பட்டியல், செமஸ்டர், தொடங்கும் நாள், முடியும் நாள், தினசரி நேரம், போஸ்டிங்கின் நோக்கங்கள் ஒரு பக்கத்தில், பல்கலைக்கழக இணைப்பு ஆணையின் நகல், உங்கள் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றின் நகல், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விவரம். கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். மூன்று டோஸ் முடிய 6 மாதம் ஆகும், முதல் டோஸோடு நிற்கும் மாணவியைப் போஸ்டிங் வாரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

தனியார் இல்லம் எதற்கும் மாணவிகளை அனுப்புமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தற்காலிகப் பதிவு 12 மாதம்தான் செல்லும். சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களே என்று விட்டுவிடாமல் தேதியைப் படியுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகும், பதிவு இல்லாத இடத்தில் நம் மாணவி வேலை செய்வதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

2. செலவு

கிளினிக்கல் (பயிற்சி) கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று மருத்துவமனையில் வசூலிப்பார்கள். தொகையை விட முக்கியமான கேள்வி, அது நாள் கணக்கா மாதக் கணக்கா என்பது. மாதக் கணக்கு என்றால் ஐந்து வாரப் போஸ்டிங்கை இரண்டு மாதமாகப் போடுவார்களா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ரசீதை ஒரிஜினலாகக் கல்லூரிக் கணக்கருக்குக் கொடுக்குமுன் இரண்டு நகல் எடுத்து வையுங்கள், வார்டில் ஒன்று கேட்பார்கள்.

பயணம் அடுத்தது. ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை வழியாகப் போக வேண்டும். வேன் பிடித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். பேருந்து என்றால் சாதாரண நகரப் பேருந்துகளில் மாணவிகளுக்குக் கட்டணம் இல்லை, ஆண் மாணவர்களுக்கு மட்டும் கட்டணம். ஆனால் ஒரு பேருந்து தவறினால் காலை ஹேண்ட் ஓவர் (இரவு சிஸ்டர் நோயாளி விவரத்தைப் பகல் சிஸ்டரிடம் ஒப்படைப்பது) போய்விடும். ஹேண்ட் ஓவர் கேட்காத மாணவியை அன்று நோயாளியிடம் அனுப்பக்கூடாது என்பதால் அந்த நாளே வீண். வேன் செலவைச் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

3. மணிக்கணக்கைப் பிரிப்பது

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி மனநல நர்சிங் கிளினிக்கல் மொத்தம் 240 மணி நேரம்: ஐந்தாம் செமஸ்டரில் 80, ஆறாம் செமஸ்டரில் 160. வாரத்துக்கு 30 மணி என்று எட்டு வாரம். ஓ.பி. இரண்டு வாரம், குழந்தைகள் வழிகாட்டு மையம் ஒரு வாரம், உள்நோயாளி வார்டு நான்கு வாரம், சமூக மனநலமும் மது, போதை மீட்பு மையமும் சேர்த்து ஒரு வாரம்.

குழந்தைகள் வழிகாட்டு மையம் தனியாக அமையாத இடங்களில்தான் சிக்கல். மாவட்டத் தலைமையிடத்தில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் அந்த வாரத்தை வைப்பதா, மதுரைக்கு அழைத்துப் போவதா என்பதைச் செமஸ்டர் தொடங்கும்போதே கல்லூரி எழுத்தில் முடிவு செய்யட்டும். மதுரை என்றால் தங்குமிடம், பெற்றோர் சம்மதக் கடிதம், கூடுதல் ட்யூட்டர் எல்லாம் சேரும்.

தியரிக்கு 80 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். ஆனால் பட்டம் வாங்குமுன் கிளினிக்கலில் 100 சதவீதம் வேண்டும். விடுபட்ட ஒவ்வொரு நாளும் ஈடு செய்யப்பட வேண்டும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா நாட்களில் சாலையும் ஊரும் நிரம்பி வழியும். அது ஹிஜ்ரி துல்கஃதா மாதத்தில் வருவதால் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். போன வருட காலண்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வீடுகளுக்குப் போகும் களப்பணியை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வைத்தால் விசைப்படகுக் குடும்பங்களில் ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

4. வார்டுக்குள் போகுமுன் ஒரு அரை நாள்

கல்லூரியிலேயே வைத்துவிடுங்கள். வார்டில் வைத்தால் யார் காதிலும் ஏறாது.

கழுத்துச் சங்கிலி, தொங்கும் கம்மல், கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைக் கயிறு வேண்டாம். அட்டையைக் கிளிப்பில் குத்தலாம். கொண்டை இறுக்கமாக இருக்கட்டும், சேஃப்டி பின் வேண்டாம். பேனா ஒன்று போதும், வெளியே வரும்போது அந்த ஒன்று கையில் இருக்க வேண்டும். கத்தரிக்கோல், தெர்மாமீட்டர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எண்ணப்பட வேண்டும். மொபைல் போன் உங்கள் பையில்.

உட்காரும் முறையைச் செய்து காட்டுங்கள். கதவு மாணவியின் பக்கம், நோயாளிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்கும் கொஞ்சம் அதிக இடைவெளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக நாற்காலி. மூடிய அறையில் தனியாக உட்காரவே கூடாது. நோயாளி எழுந்து உலாத்தத் தொடங்கினாலோ, குரல் ஏறினாலோ, கை முஷ்டி இறுகினாலோ பேச்சை முடித்துவிட்டு சிஸ்டரிடம் போகச் சொல்லுங்கள். சமாதானப்படுத்த முயல்வது மாணவி வேலை இல்லை.

போன் நம்பர் கொடுப்பது, இன்ஸ்டாகிராமில் சேர்ப்பது, வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவருவது மூன்றும் கூடாது. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும், பாவம் என்று நினைப்பார்கள். ஒருவருக்குக் கொடுத்ததைப் பக்கத்துப் படுக்கைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொன்னால் புரியும்.

சட்டத்தில் மாணவிக்கு வேண்டியது கொஞ்சம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது, தனி அறையில் பூட்டவும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் உடலைக் கட்டுப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணம் ஆகாது. நோயாளி விவரமும் படமும் வெளியே போகக்கூடாது. களப்பணியில் யாராவது கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தால் மாணவி அங்கேயே வாக்குவாதம் செய்ய வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் அன்றே மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கு எழுதுங்கள்.

5. நோயாளியைப் பிரித்துக் கொடுக்கும்போது

முதல் கேள்வி, "உன் ஊரா?" என்பதுதான். பெரியபட்டினம், தொண்டி, தங்கச்சிமடம் மாதிரி ஊர்களில் ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவை அறிவார். தன் ஊர்க்காரரையோ உறவினரையோ மாணவிக்குக் கொடுக்கக் கூடாது. கேஸ் ஸ்டடியிலும் பெயரை மாற்றினால் போதாது. "34 வயது, விசைப்படகு டிரைவர், இரண்டு மனைவி" என்று ஊர்ப் பெயரோடு எழுதினால் கடற்கரையில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஊரை எழுத வேண்டாம், தொழிலைப் பொதுவாக எழுதட்டும்.

ஒரு வார்டில் ஆறு மாணவிகளுக்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் இருந்தால் நான்கு பேரை ஓ.பி.க்கு அனுப்பி வாரத்தில் பாதியில் மாற்றுங்கள்.

ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வருவதால் அந்தப் பக்கம் கேரளம், ஆந்திரம், கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். மலையாளம் பாதி புரிகிறது என்பதை நம்பி மனநிலைப் பரிசோதனை (நோயாளியின் பேச்சு, எண்ணம், கவனத்தைக் கேட்டுப் பதிவது) எழுதக்கூடாது. பாதி புரிந்த பேச்சைக் கோர்வையற்ற பேச்சு என்று பதிந்துவிடுவார்கள். மொழி தெரிந்த ஊழியர் இல்லையென்றால் வேறு நோயாளி.

கீழக்கரை, ஏர்வாடிக் குடும்பங்களில் காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா, வாப்பா, உம்மா என்றால் அப்பா, அம்மா. வேறு மாவட்டத்து மாணவிக்கு இதை முன்பே சொல்லாவிட்டால் குடும்ப வரலாறு குழம்பிவிடும். மாணவிகள் நோயாளியை அண்ணே, அக்கா, காக்கா, ஐயா என்று அழைக்கட்டும். "பெட் நம்பர் ஏழு" என்ற பேச்சை முதல் நாளே நிறுத்துங்கள்.

6. மனநிலைப் பரிசோதனையை ஊருக்கு ஏற்பக் கேட்பது

புத்தகத்தில் இருக்கும் "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி" பள்ளிக்கூடம் போகாத ஐம்பது வயது மீனவருக்குக் கவனத்தை அளக்காது, படிப்பைத்தான் அளக்கும். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள், அல்லது கிலோ 180 ரூபாய் மீன் இரண்டு கிலோ வாங்கி 500 கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். முடிவெடுக்கும் திறனுக்கு, நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நல்ல பதில் வரும், தவறான பதிலும் தெளிவாகத் தெரியும். பழமொழிக்கு "யானைக்கும் அடி சறுக்கும்" போதும்.

செய்வினை, ஜின், பேய் என்று நோயாளி சொன்ன உடனே "டெலூஷன்" (நோயால் வரும் பொய் நம்பிக்கை) என்று எழுதாதீர்கள். அந்த நம்பிக்கை வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா, எந்த அளவு, இவருடையது அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று கேட்டு, சொன்ன வார்த்தையையே மேற்கோளில் எழுத வேண்டும். தர்காவில் தங்கி இருந்ததையும் சிகிச்சை வரலாற்றில் தேதியோடு எழுதட்டும். எத்தனை நாள், மாத்திரை அப்போது நின்றதா என்பது டாக்டருக்கு வேண்டிய தகவல். துஆ (பிரார்த்தனை) கேட்பதைத் தடுக்கும் தோரணையில் மாணவி பேசினால் குடும்பம் அடுத்த தடவை உண்மையைச் சொல்லாது. துஆவும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும் என்ற வழியில்தான் அரசின் மனநலச் சேவையும் ஏர்வாடியில் நடக்கிறது.

7. பக்கத்தில் உட்காருவது

மேற்பார்வையின் மையம் இது. பத்து மாணவிகள் என்று வையுங்கள். ஒவ்வொருத்தியும் நோயாளியோடு பேசும்போது வாரத்துக்கு இரண்டு முறை, தலா 15 நிமிடம் நீங்கள் அருகில் இருந்தால் மொத்தம் 5 மணி நேரம். 30 மணியில் 5 மணி. நேரம் இல்லை என்று சொல்ல இடமில்லை.

அருகில் என்றால் காது கேட்கும் தூரம், ஆனால் பேச்சில் சேராமல். குறிப்பு எடுக்காதீர்கள், நோயாளி உங்கள் பேனாவையே பார்ப்பார். பேச்சு முடிந்து அரை மணிக்குள் மாணவி நினைவிலிருந்து எழுத வேண்டும்: அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்கு என்ன தோன்றியது, எந்தப் பேச்சு உத்தி. நான்கு கட்டம், இதுதான் ப்ராசஸ் ரெக்கார்டிங். வீட்டுக்குப் போய் எழுதினால் அது நாடக வசனமாகிவிடும். எல்லா மாணவியும் நல்ல பிள்ளையாகப் பேசியிருப்பாள்.

திருத்துவது எப்படி என்று ஒரு எடுத்துக்காட்டு. நோயாளி சொல்கிறார், "கடல் பக்கமிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க சிஸ்டர்." மாணவி எழுதியது: "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்." உத்தி என்ற கட்டத்தில் "ஆறுதல்" என்று போட்டிருப்பாள். அதைச் சிவப்பில் அடித்து, வெறும் ஆறுதல் பேச்சை மூடிவிட்டது என்று எழுதுங்கள். அவள் சொல்லியிருக்க வேண்டியது ஏறக்குறைய இப்படி: "எனக்கு அந்தக் குரல் கேக்கலக்கா. உங்களுக்குக் கேக்குது, அது பயமாத்தான் இருக்கும். கூப்பிட்டு என்ன செய்யச் சொல்றாங்க?" கடைசிக் கேள்விதான் உயிர். தண்ணீரில் இறங்கச் சொல்கிறது என்று பதில் வந்தால் பேச்சு அங்கே நிற்க வேண்டும், மாணவி நோயாளியைத் தனியே விடாமல் சிஸ்டரை அழைக்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை எந்த மாணவியும் கொடுக்கக்கூடாது. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் எல்லா பேட்சிலும் இருக்கும். முளைக்காது. கேட்கப் பழக்குங்கள்.

8. மருந்து: இந்தக் கரையில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை

டிரக் புத்தகத்தில் முப்பது மருந்தைக் காப்பி எழுத வைப்பதைவிட இந்த நான்கைக் கண்ணால் பார்க்கத் தெரிந்தால் போதும்.

லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு). ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலென்ட் வரை சரி, 1.5-க்கு மேல் நச்சு. மாதிரி எடுப்பது கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து. எனவே காலை மாத்திரை கொடுக்குமுன் ரத்தம். வெயிலில் வலை இழுத்து வேர்த்தாலும், ரமலான் நோன்பில் தண்ணீர் குறைந்தாலும், வாந்தி, பேதி வந்தாலும் அளவு ஏறும். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரையும் ஏற்றும், இதைக் கேட்காமல் விடுவார்கள். கை பெரிதாக நடுங்குவது, தள்ளாட்டம், பேதி கண்டால் அடுத்த டோஸ் கொடுக்குமுன் டாக்டர்.

ஹாலோபெரிடால் (மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு). ஊசி போட்ட ஓரிரு நாளில் கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகி, நாக்கு தடித்து நின்றால் அது டிஸ்டோனியா, மருந்தால் தசை இறுகும் பக்கவிளைவு. குடும்பம் "பிடிச்சிருச்சு" என்று அலறும், ஆளைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் பார்க்கும். டாக்டர் உத்தரவில் ப்ரோமெதசின் ஊசி போட்டால் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதை மாணவி நின்று பார்க்கட்டும். காய்ச்சல், உடல் விறைப்பு, மயக்க நிலை மூன்றும் சேர்ந்தால் அது வேறு, உயிருக்கு ஆபத்து. வெயில் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்து உட்கார நேரமில்லை.

குளோசாபின் (மற்ற மருந்துக்குக் கேட்காத மனச்சிதைவுக்கு). முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை. தொண்டை வலி, காய்ச்சல் என்றால் உடனே சொல்ல வேண்டும்.

மது நிறுத்தம். "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்பதற்கு நாளும் மணியும் வேண்டும். நடுக்கம், வேர்வை 6 முதல் 24 மணிக்குள் தொடங்கும், வலிப்பு 48 மணிக்குள் வரலாம், குழப்பமும் இல்லாததைக் காண்பதும் 48 முதல் 96 மணிக்குள். கை காலில் அடிபட்டு எலும்பு வார்டில் படுத்தவர் மூன்றாம் நாள் "வலையை எடு" என்று கட்டிலில் எழுந்து நின்றால் என்ன நடக்கிறது என்று மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் ஏறுமுன் தயமின் (வைட்டமின் பி1) போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

9. நாள் முடிவில் 30 நிமிடம்

வார்டுக்கு வெளியே, கேன்டீனில் வேண்டாம். யார் என்ன பார்த்தாய், எதில் திகைத்தாய், நாளைக்கு என்ன என்று மூன்று கேள்வி போதும். பேசாமல் இருப்பவளைக் கவனியுங்கள். வீட்டில் யாருக்காவது இதே நோய் இருந்திருக்கலாம், தற்கொலை நடந்திருக்கலாம். எல்லார் முன்னாலும் கேட்காமல் தனியே கேளுங்கள். நோயாளியை மாற்றிக் கொடுப்பதற்கு அவள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ லாக் புக்கின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள். நோயாளிக்குத்தான் என்று சொல்லியே எழுத வைக்கலாம்.

லாக் புக் கையெழுத்து அன்றன்று. வாரக் கடைசியில் மொத்தமாகப் போட்டால் நடக்காத பேச்சுக்கும் கையெழுத்து விழும்.

10. கடைசி வாரம்

நான் இத்தனை நாள்தான் வருவேன் என்று மாணவி முதல் நாளே நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் இரண்டு முறை நினைவுபடுத்தட்டும். திடீரென நின்றுபோனால், வீட்டார் விட்டுப் போன ஒருவருக்கு அது இன்னொரு தடவை விடப்பட்டதாகிவிடும். அடுத்த வாரம் வருகிறேன் என்ற பொய் இன்னும் மோசம்.

எழுத்து வேலையில் ஹிஸ்டரியும் மனநிலைப் பரிசோதனையும், ப்ராசஸ் ரெக்கார்டிங் இரண்டு, கேஸ் ஸ்டடி, கேஸ் ப்ரெசென்டேஷன், ஓ.பி. மற்றும் களப்பணி அறிக்கைகள் முடிந்தனவா என்று புதன்கிழமையே பாருங்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் சனிக்கிழமை எழுத நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார். வார்டிலிருந்து எடுத்த குறிப்புத் தாள்களை எண்ணி வாங்கிக் கிழித்துப் போடுங்கள், வேன் சீட்டுக்கடியில் கிடக்கக்கூடாது. வருகைச் சான்றில் நர்சிங் சூப்பரிண்டெண்ட் கையெழுத்தும் சீலும் கடைசி நாள் மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை அடுத்த கல்லூரி பேட்ச் வந்துவிட்டால் உங்கள் கோப்பு அடியில் போய்விடும்.